மசாய் மாராவுல போட்டோ எடுக்கப் போறீங்களா, லென்ஸுக்கு முன்னாடி வண்டிய கவனிங்க

"கென்யா போறேன், எந்த லென்ஸ் வாங்கலாம்" இது தான் எல்லாரும் என்கிட்ட கேக்கற முதல் கேள்வி. லென்ஸ் பத்தி சொல்றேன், ஆனா கொஞ்சம் பொறுங்க. கென்யாவுல இருக்கற மசாய் மாரா வனவிலங்கு ரிசர்வுக்கு நான் ரெண்டு தடவ போயிருக்கேன். முதல் தடவ வாடகைக்கு எடுத்த பெரிய லென்ஸோட பந்தாவா போய், அஞ்சாயிரம் படத்துக்கு மேல எடுத்துட்டு வந்தேன், வீட்டுக்கு வந்து பாத்தா தேறுனது பத்து கூட இல்ல. ரெண்டாவது தடவ அதவிட சின்ன லென்ஸ் தான், இப்ப ஹால்ல மாட்டியிருக்கற மூணு படமும் அந்த தடவ எடுத்தது. நடுவுல நான் பெரிய போட்டோகிராஃபர் ஆயிடல. முதல் தடவ வண்டி எங்க நிக்கணும்னு டிரைவர் முடிவு பண்ணாரு, ரெண்டாவது தடவ நானும் அவரும் பேசி முடிவு பண்ணோம், அவ்ளோ தான் வித்தியாசம்.

மாராவுல பெரும்பாலும் நீங்க வண்டிய விட்டு இறங்க முடியாது. அதனால முன்னாடி ரெண்டடி நகர்றது, உக்காந்து எடுக்கறது, இந்தப் பக்கம் வெளிச்சம் சரியில்லன்னு அந்தப் பக்கம் போறது, இதெல்லாம் உங்க கால் பண்ற வேலை இல்ல, டிரைவரோட ஸ்டியரிங் பண்ற வேலை. முதல் நாள் காலைல கிளம்பறதுக்கு முன்னாடியே டீ குடிக்கறப்ப அவர்கிட்ட உக்காந்து பேசிடுங்க. எனக்கு லிஸ்ட்ல டிக் அடிக்கற மாதிரி எல்லா மிருகமும் பாக்கணும்னு இல்ல, ஒண்ணு கெடச்சாலும் அங்கயே ரெண்டு மணி நேரம் நிக்க ரெடின்னு சொல்லுங்க. இத சொல்லலைன்னா அவர் பாவம் பிக் ஃபைவ் (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை) காட்டியே ஆகணும்னு டென்ஷன்ல அங்கயும் இங்கயும் ஓட்டிட்டே இருப்பாரு, ஏன்னா வர்ற பத்து பேர்ல ஒம்பது பேர் அத தான் கேக்கறாங்க.

அடுத்து சூரியன். காலைல உங்க முதுகுக்குப் பின்னாடி சூரியன் இருக்கற மாதிரி வண்டிய நிறுத்தச் சொல்லுங்க, அதான் சேஃப். கொஞ்சம் தைரியம் இருந்தா எதிர்ப்பக்கம் போய், சிங்கத்தோட பிடரி ஓரமெல்லாம் தங்கக் கோடு போட்ட மாதிரி எரியும் பாருங்க, அதையும் ட்ரை பண்ணுங்க. ரெண்டும் இல்லாம பக்கவாட்டுல ஏனோதானோன்னு நின்னா பாதி மூஞ்சி வெள்ளை, பாதி மூஞ்சி கறுப்பு. அப்புறம் டிரைவருங்களுக்கு ஒரு பழக்கம், எவ்ளோ கிட்ட போறோமோ அவ்ளோ டிப்ஸ்னு நெனச்சு மிருகத்துக்கு ஒட்டிப் போயிடுவாங்க. கிட்ட வேணாம், அது எந்தப் பக்கமா நடக்குதோ அந்தப் பக்கம் நல்லா முன்னாடி போய் நில்லுங்கன்னு சொல்லுங்க. சிங்கம் பாதையிலயே நடந்து வர்ற பழக்கம் உண்டு, காலைல பனியில புல்லு நனஞ்சிருந்தா பெரும்பாலும் பாதைக்கு வரும், முன்னாடி போய் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு காத்திருந்தா அது நேரா உங்க கேமராவப் பாத்து நடந்து வரும். பின்னாடியே துரத்திட்டுப் போனா கெடைக்கறது வாலும் பின்பக்கமும் தான், என்கிட்ட அந்த மாதிரி ஒரு ஃபோல்டரே இருக்கு.

இன்ஜின் ஆஃப் பண்றது சின்ன விஷயம் மாதிரி தெரியும், டீசல் வண்டி சும்மா ஓடிட்டு இருந்தாலே 500 எம்எம் மாதிரி பெரிய லென்ஸ்ல எல்லா படமும் லேசா ஆடிடும். கூட இருக்கறவங்களையும் சேத்து சொல்லி வெச்சிடுங்க, ஷட்டர் சத்தம் கேக்கறப்ப யாரும் இடம் மாறி உக்காராதீங்கன்னு. நான் முதல் தடவ போனது ஏழு பேர் ஷேர் பண்ற வேன்ல, சிறுத்தை மரத்துல இருந்து இறங்குன அந்த நிமிஷத்துல பின் சீட்ல இருந்தவர் சிப்ஸ் பாக்கெட் எடுக்க எந்திரிச்சாரு, வண்டியே ஊஞ்சல் ஆடுச்சு. அதனால காசு கொஞ்சம் கூட ஆனாலும் போட்டோ எடுக்கற ஆளுங்களா மூணு பேர் சேந்து ஒரு லேண்ட் க்ரூஸர் எடுத்துடுங்க, ஒரு வரிசைக்கு ஒரு ஆள், ரெண்டு பக்க ஜன்னலும் அவருக்கே. புக் பண்றப்பவே எழுத்துல வாங்கிக்கோங்க.

ஜன்னல்னு சொன்னேன் பாருங்க, அது முக்கியம். கூரைய தூக்கிவிட்டு எந்திரிச்சு நின்னு எடுக்கறது தான் எல்லாருக்கும் பிடிக்கும், காத்து வரும், ஜாலியா இருக்கும். ஆனா மேல இருந்து எடுத்த சிங்கம் பாய் விரிச்சுப் போட்ட மாதிரி தட்டையா இருக்கும். கீழ உக்காந்து ஜன்னல் வழியா எடுங்க, மிருகத்தோட கண்ணும் உங்க லென்ஸும் எவ்ளோ ஒரே மட்டத்துக்கு வருதோ அவ்ளோ நல்லது, பின்னாடி இருக்கற புல்லும் தூரத்துல போய் மங்கிடும். தூரத்துல நிக்கறத எடுக்கறப்ப மேல இருந்தாலும் தப்பில்ல.

இப்போ நேரம். மாரா பூமத்திய ரேகைக்குக் கீழ ஒன்றரை டிகிரி தான், அதனால வருஷம் பூரா சூரியன் காலைல ஆறரை வாக்குல வரும், சாயங்காலம் ஆறரை வாக்குல போயிடும். நேரா மேல ஏறிடும், அதனால அந்த மஞ்ச வெயில் ரொம்ப நேரம் நிக்காது, எட்டரை மணிக்கெல்லாம் சப்புன்னு ஆயிடும். ரிசர்வோட கேட் தொறக்கறது ஆறு மணிக்கு. லாட்ஜ்ல ஏழு மணிக்கு பஃபே இருக்கு சாப்பிட்டுட்டு போலாம்னு ஆசை காட்டுவாங்க, அதுல விழுந்தீங்கன்னா அன்னிக்கு நாளே போச்சு. முந்தின நாள் ராத்திரியே சொல்லி டிஃபன கட்டி வாங்கிட்டு ஆறுக்கு கேட்ல நில்லுங்க. மாரா கடல் மட்டத்துல இருந்து 1500 மீட்டருக்கு மேல இருக்கு, ஆப்பிரிக்கான்னா வெயில்னு நெனச்சு டி-ஷர்ட்டோட போய் விரல் விறைச்சு ஷட்டர் அமுக்க முடியாம உக்காந்திருந்த ஆள் நான். ஸ்வெட்டர் ஒண்ணு கட்டாயம்.

பத்து மணிக்கு மேல ஒரு சிக்கல் வரும், இத யாரும் எனக்கு சொல்லல. தரை சூடாகி கானல் ஆட ஆரம்பிச்சிடும், 150 மீட்டர் தள்ளி நிக்கற சீட்டாவ (சிவிங்கிப்புலி) எடுத்தீங்கன்னா ஃபோகஸ் எல்லாம் சரியா இருந்தும் படம் தண்ணிக்குள்ள எடுத்த மாதிரி குழம்பி இருக்கும். லென்ஸ் போச்சுன்னு நெனச்சு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன், அவங்க பாத்துட்டு லென்ஸ்ல ஒண்ணும் இல்லன்னு திருப்பிக் குடுத்தாங்க. எவ்ளோ விலை லென்ஸ் வெச்சிருந்தாலும் இதுக்கு மருந்து கெடையாது, ஒண்ணு மிருகம் கிட்ட இருக்கணும், இல்லன்னா மர நிழல்ல வண்டிய போட்டு சாப்பிட்டுட்டு தூங்கணும். சிங்கமே ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் வரைக்கும் தூங்குது, நமக்கென்ன.

சரி லென்ஸுக்கு வருவோம். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரான்னா 150-600 எம்எம் ஜூம் இல்லன்னா 200-600, க்ராப் சென்சார்னா (அதவிட சின்ன சென்சார்) 100-400 தாராளமா போதும், அது 600 மாதிரி வேலை செய்யும். மாராவுல சிங்கம் வண்டியோட நிழல்ல வந்து படுக்கும், அதனால ஜூம் இல்லாத பெரிய ப்ரைம் மட்டும் எடுத்துட்டுப் போனா மூக்கு மட்டும் தான் ஃப்ரேமுக்குள்ள வரும். கூட 70-200 இல்லன்னா 24-105 ஒண்ணு. முடிஞ்சா ரெண்டு கேமரா பாடி, ஒண்ண வாடகைக்கு எடுங்க, ஏன்னா அங்க இருக்கற புழுதியில வண்டிக்குள்ள லென்ஸ் மாத்தறது தற்கொலைக்கு சமம், முதல் தடவ ஒரே ஒரு தடவ மாத்துனேன், சென்சார்ல புழுதி ஒட்டி மிச்ச நாலு நாள் படத்துல வானம் பூரா கறுப்புப் புள்ளி. கேமராவ மூடி வெக்க பழைய தலகாணி உறை ரெண்டு எடுத்துட்டுப் போங்க, அத விட நல்ல கவர் நான் பாக்கல.

ட்ரைபாட் வேஸ்ட், வண்டிக்குள்ள விரிக்க இடமே இல்ல. பீன் பேக் தான் வேணும், ஜன்னல் விளிம்புல போட்டு அது மேல லென்ஸ வெக்கறதுக்கு. ஊர்ல இருந்து காலிப் பையா கொண்டு போங்க. நைரோபில இருந்து மாரா போற வழியில நரோக்னு ஒரு டவுன் வரும், எல்லா வண்டியும் அங்க நிக்கும், மளிகைக் கடையில மகாராகேன்னு கேட்டா ராஜ்மா மாதிரி பீன்ஸ் அள்ளிக் குடுப்பாங்க, மூணு கிலோ வாங்கி ரொப்பிக்கோங்க. கடைசி நாள் அந்த பீன்ஸ டிரைவர் கிட்டயே குடுத்துட்டேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. ரோட்டுல போனா அஞ்சாறு மணி நேரம், கேமரா பைய டிக்கில போடாம மடியில வெச்சுக்கோங்க, வழியில வர்ற மண் ரோடு ஸ்க்ரூவெல்லாம் கழட்டிடும். நைரோபில இருக்கற வில்சன் ஏர்போர்ட்ல இருந்து குட்டி பிளேன்ல போனா ஆளுக்கு 15 கிலோ தான், ஹேண்ட் லக்கேஜையும் சேத்து, பெட்டி மடங்கற துணிப் பையா இருக்கணும். ஜாக்கெட் பாக்கெட்ல லென்ஸ வெச்சுட்டு ஏர்றவங்கள அங்க நெறைய பாக்கலாம், நானும் வெச்சேன்.

செட்டிங்ஸ் பத்தி நெறைய குழப்பிக்க வேணாம். மேனுவல் மோட்ல ஷட்டர் வேகமும் அபெர்ச்சரும் (லென்ஸ் எவ்ளோ திறக்கணும்ங்கறது) நீங்க வெச்சுக்கோங்க, ஐஎஸ்ஓவ (சென்சார் எவ்ளோ வெளிச்சத்த உணரணும்ங்கறது) ஆட்டோல விட்டு மேல 6400னு ஒரு எல்லை வெச்சிடுங்க. படுத்திருக்கற மிருகத்துக்கு ஷட்டர் 1/250 செகண்ட் போதும், நடக்கறதுக்கு 1/1000, ஓடறதுக்கும் பறக்கறதுக்கும் 1/2000. விடிகாலைல இருட்டா இருக்குன்னு ஐஎஸ்ஓவுக்கு பயந்து ஷட்டர கொறைக்காதீங்க, புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸ அப்புறமா சாஃப்ட்வேர்ல கழுவலாம், ஆடிப்போன படத்த எந்த சாமியாலயும் காப்பாத்த முடியாது. வேணும்னே ஆட்டறது வேற, வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கற மான்) கூட்டம் ஓடறப்ப 1/40 வெச்சு அது கூடவே கேமராவத் திருப்பிட்டே எடுத்தா பின்னாடி எல்லாம் கோடு கோடா இழுத்து நல்லா வரும், நூறு எடுத்தா ரெண்டு தேறும். ரா ஃபைல்ல (சென்சார்ல பதிஞ்சத அப்படியே வெக்கற ஃபைல், அப்புறம் திருத்த வசதி) எடுங்க. மிருகத்தோட கண்ணத் தானா பிடிக்கற அனிமல் ஐ ஃபோகஸ் இருந்தா போடுங்க, ஆனா முன்னாடி உயரமான புல்லு இருந்தா சில கேமரா புல்லப் பிடிச்சுக்கிட்டு விடவே விடாது, அப்போ சிங்கிள் பாயிண்டுக்கு மாத்தி கண்ணுல வைங்க. மரத்து மேல சிறுத்தை, பின்னாடி வெள்ள வானம்னா படத்தோட வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்கற எக்ஸ்போஷர் காம்பன்சேஷன ப்ளஸ் ஒண்ணு ஏத்துங்க, இல்லன்னா சிறுத்தை கரிக்கட்டை ஆயிடும்.

இந்த காம்பன்சேஷன்ல தான் நான் சூடு பட்டேன். முந்தின நாள் சாயங்காலம் அக்கேஷியா மரம், பின்னாடி செவந்த வானம், அதுக்காக மைனஸ் ரெண்டு வெச்சு எடுத்துட்டு அப்படியே விட்டுட்டேன். மறுநாள் காலைல ஒரு சீட்டா, கரையான் புத்து மேல ஏறி உக்காந்திருக்கு. ஏழு வண்டி சுத்தி நின்னுச்சு, ஒவ்வொண்ணா கிளம்புச்சு, நாங்க மட்டும் நின்னோம். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், அது கொட்டாவி விடுது, நாக்கால கால நக்குது, திரும்பிப் படுக்குது. டிரைவர் திடீர்னு பைனாகுலர கீழ வெச்சுட்டு "ரெடியா இருங்க"ன்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. அப்புறம் தான் கவனிச்சேன், அது வரைக்கும் நாலா பக்கமும் பாத்துட்டு இருந்த தலை ஒரே பக்கமா நின்னுடுச்சு, தூரத்துல தாம்சன் கெசல்ங்கற சின்ன மான் நாலஞ்சு மேயுது. புத்துல இருந்து சத்தமே இல்லாம இறங்குச்சு, தலைய தோள் மட்டத்துக்கு தாழ்த்தி ஒவ்வொரு அடியா வெச்சுது. அவர் வண்டிய நகத்தவே இல்ல, ஓடப்போற பாதை எதுன்னு முன்னாடியே யோசிச்சு அதுக்குப் பக்கவாட்டுல தான் நிறுத்தியிருந்தாரு. அப்புறம் ஓட்டம், ஒரு பத்து பதினஞ்சு செகண்ட் இருக்கும், நான் பட்டன விடவே இல்ல, மானப் பிடிக்கற அந்த நேரத்துல பஃபர் (படத்த கார்டுக்கு அனுப்பற வரைக்கும் வெக்கற கேமரா மெமரி) நெறஞ்சு கேமரா அப்படியே நின்னுடுச்சு. இருந்த தொண்ணூறு படமும் நைட்டு எடுத்த மாதிரி கறுப்பு. ரா ஃபைலா இருந்ததால ரெண்டு மூணு தேத்துனேன்.

அதுல இருந்து ரெண்டு பழக்கம். ஒவ்வொரு தடவ வண்டில ஏறுனதும் சும்மா பக்கத்துல இருக்கற புல்ல ஒரு படம் எடுத்து ஸ்க்ரீன்ல பாத்துடுவேன். ரெண்டாவது, பட்டன அமுக்கிப் பிடிக்காம மூணு மூணா நாலு நாலா விட்டு விட்டு எடுப்பேன், கடைசி பாய்ச்சலுக்கு பஃபர்ல இடம் இருக்கணும்ல.

சொல்லப்போனா மிருகம் என்ன பண்ணப்போகுதுன்னு அதுவே சொல்லிடும், நாம தான் ஸ்க்ரீனப் பாத்துட்டு இருப்போம். சிங்கம் ஒரு கொட்டாவி விட்டா பின்னாடியே இன்னும் ரெண்டு மூணு வரும், முதல்ல விட்டத தவற விட்டா பரவால்ல, கேமராவ கண்ணுலயே வெச்சிருங்க, வரிசையா கொட்டாவி விட்டுச்சுன்னா எந்திரிக்கப் போகுதுன்னு அர்த்தம். யானை காலால மண்ணக் கிளறுதுன்னா அடுத்து தும்பிக்கையில அள்ளி முதுகுல வீசும். நம்ம பனங்காடையோட சொந்தக்காரன் ஒண்ணு அங்க இருக்கு, லைலாக் ப்ரெஸ்டட் ரோலர், மார்பு ஊதா, றெக்க நீலம், சின்ன குச்சி மேல உக்காந்திருக்கும், அது எச்சம் போட்டுச்சுன்னா பெரும்பாலும் அடுத்த செகண்ட் பறந்துடும், சிரிக்காதீங்க, அத வெச்சு தான் எனக்கு றெக்க விரிச்ச படம் கெடச்சது.

அங்க பேசற ஸ்வாஹிலி மொழில நாலஞ்சு வார்த்தை கத்துக்கிட்டா ரொம்ப உதவும். சிம்பான்னா சிங்கம், சுய்னா சிறுத்தை, டூமான்னா சீட்டா, ந்யூம்புன்னா வில்டபீஸ்ட். டிரைவருங்க பேசிக்கற ரேடியோல சுய்னு காதுல விழுந்தா பேசிட்டு இருக்கறத நிறுத்திட்டு கேமராவக் கையில எடுங்க. போலே போலேன்னா மெதுவா, சிமாமான்னா நில்லுங்க, ருடி ந்யூமா கிடோகோன்னா கொஞ்சம் பின்னாடி போங்க, இந்த கடைசி வார்த்தைய நான் தான் அதிகமா யூஸ் பண்ணேன்.

எந்த மாசம் போறதுன்னா, ஆத்தக் கடக்கற வில்டபீஸ்ட் தான் வேணும்னா ஜூலைல இருந்து அக்டோபருக்குள்ள. அதுக்கு எந்த கேரண்டியும் இல்ல. மாரா ஆத்தங்கரையில ஆயிரக்கணக்குல வந்து நிக்கும், ஒண்ணு தண்ணிய மோந்து பாக்கும், பின்னாடி இருக்கறது தள்ளும், அப்புறம் எதுக்குன்னே தெரியாம எல்லாம் திரும்பிப் போயிடும். எங்களுக்கு முதல் நாள் ஆறு மணி நேரம் நின்னு ஒண்ணும் நடக்கல, ரெண்டாவது நாள் போன பத்தாவது நிமிஷம் குதிச்சிடுச்சு. வண்டிங்க கரைய ஒட்டி நின்னா கூட்டம் பயந்து திரும்பிடும், அதனால பின்னாடி தள்ளி காத்திருந்து நாலஞ்சு தண்ணில இறங்குனப்புறம் தான் முன்னாடி போகணும், உங்க டிரைவர் முந்தப் பாத்தா நீங்களே வேணாம்னு சொல்லுங்க. இங்க பெரிய லென்ஸ ஓரமா வெச்சுட்டு 70-200 எடுங்க, கரை, புழுதி, கூட்டம், தண்ணி எல்லாம் ஒண்ணா வந்தா தான் அது எவ்ளோ பெருசுன்னு தெரியும். அப்புறம் அதுல ஒண்ண மட்டும் தேர்ந்தெடுத்து அது குதிக்கறத 1/2000ல எடுங்க. எல்லாம் கடந்ததும் மத்த வண்டி கிளம்பிடும், நீங்க இருங்க, தாயும் கன்னும் பிரிஞ்சு ஒண்ண ஒண்ணு கூப்பிட்டு அலையறது அப்ப தான் ஆரம்பிக்கும்.

இந்த சீசன்ல கூட்டமும் ஜாஸ்தி, காசும் ஜாஸ்தி. 2024ல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் ஒரு நாளைக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் 100. சிங்கமும் சிறுத்தையும் போதும்னா ஜனவரி பிப்ரவரில போங்க, பாதி காசு, வண்டி கம்மி. ஏப்ரல் மே மழை, வண்டி சேத்துல மாட்டும், ஆனா மேகம் மூடுன வெளிச்சத்துல நாள் பூரா எடுக்கலாம், நனஞ்ச சிங்கம் பிடரிய உதர்றத எடுக்கணும்னா அது தான் சீசன்.

மாரா ரிசர்வுக்குள்ள வண்டி ரோட்ட விட்டு இறங்கக்கூடாது, ஒரு மிருகத்த சுத்தி அஞ்சு வண்டிக்கு மேல நிக்கக்கூடாதுன்னு விதி இருக்கு, சீசன்ல அத யாரும் மதிக்கறதில்லன்னு கண்ணாலயே பாப்பீங்க. ரிசர்வ ஒட்டி மசாய்ங்கற உள்ளூர் பழங்குடி மக்களோட நிலத்துல நடக்கற கன்சர்வன்சிகள், அதாவது தனிக் காப்பகங்கள் இருக்கு, மாரா நார்த், நபோய்ஷோ, ஒலாரே மோடோரோகி மாதிரி, அங்க தங்கறவங்களுக்கு மட்டும் தான் அனுமதி, ரோட்ட விட்டு இறங்கலாம், ராத்திரி சவாரியும் உண்டு. பட்ஜெட் இடம் குடுத்தா ரெண்டு நாளாவது அங்க போடுங்க. எங்க இருந்தாலும் குட்டியோட இருக்கற சீட்டாவ மட்டும் நெருக்காதீங்க. 2018ல மாராவுல பண்ண ஒரு ஆய்வு வந்துச்சு, டூரிஸ்ட் வண்டி அதிகமா சுத்தற இடத்துல தாய் சீட்டா வளத்து ஆளாக்கற குட்டி சராசரியா 0.2, வண்டி கம்மியான இடத்துல 2.3. இத படிச்சப்புறம் எனக்கு அந்த ஏழு வண்டில ஒண்ணு நம்மளது தானேன்னு தோணுச்சு.

மிச்சம் சில்லறை விஷயம். ட்ரோன வீட்டுலயே வெச்சிடுங்க, ஏர்போர்ட்லயே பிடுங்கிப்பாங்க. பாலிதீன் கவர் 2017ல இருந்து கென்யாவுல தடை, லென்ஸ சுத்தி வெச்ச கவர கூட எடுத்துடுங்க. மிலிட்டரி டிசைன் போட்ட டிரஸ் போடக்கூடாது. கறுப்பும் கருநீலமும் வேணாம், செட்ஸி ஈ அந்த கலருக்கு தான் ஓடி வரும், கடி ஊசி மாதிரி இருக்கும். ப்ளக் நம்ம ஊர் உருண்ட பின் இல்ல, சதுர மூணு பின், அடாப்டர் வேணும், ஜெனரேட்டர் கேம்ப்ல குறிப்பிட்ட நேரம் தான் கரண்ட், அதனால மூணு பேட்டரி. மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசி, அதாங்க எல்லோ ஃபீவர் ஊசி, பத்து நாள் முன்னாடியே போட்டு அந்த கார்ட பாஸ்போர்ட்டோட வைங்க, திரும்பி வர்றப்ப இந்தியாவுல கேப்பாங்க. கேமரா புதுசா விலை கூடுனதா இருந்தா கிளம்பறப்ப கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கோங்க, இல்லன்னா வெளிநாட்டுல வாங்குனதுன்னு வரி கேட்டு நிக்க வெச்சா நிரூபிக்கறது கஷ்டம். மசாய் ஆளுங்கள படம் எடுக்கணும்னா முதல்ல கேளுங்க, ஜன்னல் வழியா திருட்டுத்தனமா எடுக்காதீங்க.

ராத்திரி எவ்ளோ அசதியா இருந்தாலும் கார்ட காப்பி பண்ணிட்டு தூங்குங்க, ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல, ஒண்ணு உங்க பையில, ஒண்ணு ஃப்ரெண்ட் பையில. வண்டில உக்காந்துட்டு அந்த குட்டி ஸ்க்ரீனப் பாத்து டெலீட் பண்ணாதீங்க, நீங்க குனிஞ்சிருக்கற அந்த நேரம் தான் எதாவது நடக்கும். டிரைவரோட வாட்ஸ்அப் நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க, வீட்டுக்கு வந்து பாக்கறப்ப இது எந்த சிங்கம், அது எந்த ஆத்தங்கரைன்னு நமக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. நான் அனுப்புன அந்த கறுப்பு சீட்டா படத்துக்கு அவர் அனுப்புன பதில், "படம் சரியில்ல, அந்த சீட்டாவுக்கு இப்போ மூணு குட்டி, திரும்பி வா."